பிளாக் சாபத் இசைக்குழுவின் முதல் ஆல்பம்: மெட்டல் கேட்க இங்கே தொடங்குங்கள்

ஹெவி மெட்டல் இசை எங்கே பிறந்தது என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், என்னைக் கேட்டால் 1970 பிப்ரவரியில் வந்த இந்த ஆல்பத்தைத்தான் காட்டுவேன். முதல் பாட்டின் தொடக்கத்தில் மழை, மணியோசை, இடி, அப்புறம் டோனி ஐயோமியின் கிட்டார். அந்த கிட்டார் மெட்டில் மொத்தமே மூன்று சுரம்தான்: ச, மேல் ச, பிரதி மத்திமம். அதற்கே வயிறு கலங்குகிறது!

பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் ஐயோமி, பிளாஸ்டிக்கை உருக்கித் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார், அதுவும் கிட்டத்தட்ட முழு ஆல்பத்தையும் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டார்கள். கீசர் பட்லரின் பாஸ் கிட்டார் 'என்.ஐ.பி.' பாட்டில் தனியாக உறுமும், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. 'வார்னிங்' பத்து நிமிடம் இழுக்கிறது, ஆனால் இவர்கள் ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசையிலிருந்து வந்தவர்கள் என்பது அதில்தான் பச்சையாகத் தெரியும். வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள்: பழைய பிரிட்டன் பதிப்பில் 'ஈவில் வுமன்', அமெரிக்கப் பதிப்பில் அதற்குப் பதில் 'விக்கிட் வேர்ல்ட்'. என் ஓட்டு இரண்டாவதற்கு.