கோடைப் பந்தயத்துக்குத் தண்ணீர்: முதுகுப்பையா, பாட்டிலா?

மூன்று வருடம் முதுகில் ஹைட்ரேஷன் பேக் (குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை) மாட்டிக்கொண்டுதான் நீண்ட தூர மவுண்டன் பைக் பந்தயங்களில் ஓட்டினேன். போன ஏப்ரலிலிருந்து ஃபிரேமில் இரண்டு பாட்டில். கோடையில் இனி முதுகுப்பை வேண்டாம் என்பதே என் முடிவு.

இத்தனைக்கும் அந்தப் பை பிறந்ததே வெயிலில்தான். டெக்சாஸின் விச்சிட்டா ஃபால்ஸில் ஆகஸ்ட் மாதக் கொதிப்பில் 'ஹாட்டர்ன் ஹெல் ஹண்ட்ரட்' என்ற 100 மைல் சைக்கிள் ஓட்டம் நடக்கும். 1989இல் மைக்கேல் ஐட்சன் என்ற அவசர மருத்துவப் பணியாளர், குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, காலுறைக்குள் திணித்து, முதுகில் கட்டிக்கொண்டு அதில் ஓட்டினார். பிறகு அதுவே கேமல்பேக் என்ற பிராண்ட் ஆனது. அதன் பலம் இன்றும் அதேதான். கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதையில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமல் குடிக்கலாம். 2, 3 லிட்டர் வரை கொள்ளும். ஆடு மாடு போகும் தடத்தில் பாட்டில் வாயில் தெறிக்கிற சாணமும் சேறும் குழாய் முனையில் அவ்வளவாகப் படாது.

பாரம், தோள்வலி எல்லாம் எல்லோரும் அறிந்தவை. முதுகு மூடிக்கிடப்பதும் ஒரு குறை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், சொட்டிப்போனால் பயனில்லை. ஆனால் பைக்குள் ஐஸ் போட்டால் முதுகு சில்லென்று இருப்பதும் உண்மை, அதனால் இதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

என்னை மாற்றியது கணக்கு. எவ்வளவு குடித்தோம், அதில் எவ்வளவு உப்பு போனது என்ற கணக்கு.

ஏலகிரி அடிவாரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, முன்னும் பின்னும் எடை பார்த்தேன். 900 கிராம் குறைந்திருந்தது. நடுவில் 500 மி.லி. குடித்திருந்தேன். ஆக, மணிக்கு 1.4 லிட்டர் வியர்வை. அவ்வளவையும் ஓட்டத்திலேயே ஈடுகட்ட வயிறு இடம் கொடுக்காது. பாதிக்கு மேலாவது உள்ளே போக வேண்டும். பையோடு ஓட்டிய கடைசிப் பந்தயத்தில் நாலு மணி நேரமும் குழாயை உறிஞ்சிக்கொண்டே இருப்பதாகத்தான் நினைத்தேன். கடைசி ஏற்றத்தில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு முடித்தேன். பையைத் திறந்தால் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம். குடிக்காத தண்ணீரை மலை முழுக்கச் சுமந்திருக்கிறேன்.

பாட்டிலில் இந்த ஏமாற்றம் நடக்காது. 600 மி.லி. பாட்டில் என்றால் 200 மி.லி.க்கான ஓஆர்எஸ் பொட்டலம் மூன்று. சுற்றுக்கு ஒரு பாட்டில் காலியாக வேண்டும், காலியாகவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பையில் பாதி மிச்சமிருக்கும்போது தண்ணீர் நிலையத்தில் மேலே ஊற்றினால் கரைசல் எவ்வளவு நீர்த்தது என்று யாருக்குத் தெரியும்? மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் குறையும், அது தசைப்பிடிப்பைவிட ஆபத்து. இரண்டு பாட்டிலில் ஒன்று உப்புக்கரைசல், மற்றது பச்சைத்தண்ணீர். பச்சைத்தண்ணீரில் பாதி குடிக்க, மீதி தலையிலும் பிடரியிலும் ஊற்ற. அதை பையிலிருந்து செய்யவே முடியாது.

பாட்டிலின் பெரிய குறை, கரடான இறக்கத்தில் குடிக்க முடியாமல் மறந்தே போவது. வாட்ச்சில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வைத்தேன். ஏற்றத்திலும் மண்சாலையிலும் மட்டும் குடிக்கிறேன். ஃபிரேமில் பாட்டிலைப் பிடித்திருக்கும் கேஜ் தளர்வாக இருந்தால் முதல் பள்ளத்திலேயே பாட்டில் பறந்துவிடும், இறுக்கமான கேஜ் அவசியம்.

என் வண்டி ஹார்ட்டெயில் (பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாதது), இரண்டு கேஜ் தாராளமாகப் பிடிக்கும். இரு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ள, சின்ன அளவு ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேம்கள் பலவற்றில் ஒன்றுக்குத்தான் இடம், அவர்களுக்கு இடுப்புப்பையோடு ஒரு பாட்டில் சரிப்படலாம். தண்ணீர் நிலையங்கள் இரண்டு மணி நேர இடைவெளியில் இருந்தால் நானும் யோசிப்பேன். ஆறு மணி நேரத்தைத் தாண்டிய பந்தயம் இரண்டே இரண்டுதான் ஓட்டியிருக்கிறேன், இரண்டிலும் சுற்றுக்குச் சுற்று பாட்டில் மாற்ற ஆள் இருந்தார்.

முந்தின இரவே பாட்டில்களைப் பாதி நிரப்பி ஃப்ரீசரில் சாய்த்து வைத்துவிடுகிறேன். காலையில் மேலே ஊற்றிக்கொண்டு கிளம்பினால், கத்திரி வெயிலிலும் முதல் சுற்று முடியும்வரை ஐஸ் கரையாமல் கிடக்கிறது.