பங்கு மண்டபத்தில் ஒரு தேர்தல் வகுப்பு: உயிர் ஆதரவுப் பட்டறை பற்றிய மதிப்பீடு

கருக்கலைப்பை எதிர்த்து, கருவிலிருக்கும் உயிருக்காகத் தேர்தல் காலத்தில் பதின்ம வயதுக் கிறிஸ்தவப் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்பதைக் கற்பிப்பதற்காக, மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு பங்கு மண்டபத்தில் அண்மையில் ஒருநாள் பட்டறை நடத்தப்பட்டது. மதிய உணவு, கையேடு உட்பட ஒருவருக்கு 500 ரூபாய் அறவிட்டார்கள். தாண்டவன்வெளி, தன்னாமுனை, கல்முனைப் பக்கங்களிலிருந்து கத்தோலிக்கப் பிள்ளைகளும் மெதடிஸ்தப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நான் என் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பின்வரிசையில் அமர்ந்து முழுவதையும் கேட்டேன். காலை அமர்வுகளுக்காக மட்டுமே அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். கையேட்டை நம்பி எவரும் களத்தில் இறங்கிவிடக் கூடாது.

முதல் அமர்வு வாக்குச்சீட்டைப் பற்றியது. மாதிரிச் சீட்டுகளை அச்சிட்டுக் கொடுத்து, பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பதைப் போல அடையாளமிடச் சொன்னார்கள். பாதிப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த வேட்பாளரின் விருப்பு இலக்கத்தின் மீது புள்ளடியிட்டுவிட்டு, கட்சிக்கு எதிரேயுள்ள கூட்டை வெறுமையாக விட்டிருந்தார்கள். கட்சிக்கு வாக்கிடாமல் விருப்பு வாக்கை மட்டும் அளித்தால் சீட்டே நிராகரிக்கப்படும் என்று பயிற்றுநர் சொன்னபோது, வீட்டில் அம்மம்மாவும் இப்படித்தான் போடுகிறாரோ என்று ஒரு பிள்ளை கேட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் வாக்குரிமை இல்லை. ஆனால் வீட்டிலுள்ள மூத்தவர்களுக்குச் சீட்டை விளக்கவும், 18 வயதை எட்டிய அண்ணனின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியிருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரிக்கவும் அவர்களால் முடியும். ஆண்டின் நடுவே 18 வயதை அடைவோரைத் துணை இடாப்புகளில் சேர்க்க 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி செய்திருப்பதை அங்கிருந்த பெற்றோரில் பலரும் அன்றுதான் அறிந்தார்கள்.

விருப்பு வாக்கு ஏன் முக்கியம் என்பதையும் நன்றாக விளக்கினார்கள். ஒரு கட்சியின் பட்டியலில் ஆசனங்களைவிட மூவர் கூடுதலாக இருப்பார்கள். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனங்கள் என்பதால் ஒவ்வொரு பட்டியலிலும் 8 பேர் நிற்பார்கள். 7 ஆசனங்கள் கொண்ட திகாமடுல்லையில், அதாவது அம்பாறை மாவட்டத்தில், 10 பேர். ஒரே கட்சிக்குள்ளேயே கருக்கலைப்பைப் பற்றி ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் நினைக்கலாம். ஆகவே கட்சியின் விஞ்ஞாபனத்தைப் படிப்பதோடு நின்றுவிடாமல், வேட்பாளர்களைத் தனித்தனியாகக் கேட்டறிவதில் பயன் இருக்கிறது.

எப்படிக் கேட்பது என்பதைக் கற்பித்த அமர்வே அன்றைய நாளின் சிறந்த பகுதி. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியிருப்பதையும், வன்புணர்வு, தகாத உறவு, கருவின் கடுமையான குறைபாடு போன்ற நிலைகளில் அதனை அனுமதிக்கும் வாசகம் 1995இல் பாராளுமன்றம் வரை வந்து மீளப் பெறப்பட்டதையும், 2017இல் அமைச்சரவை மட்டத்தில் இப்பேச்சு மீண்டும் எழுந்து ஆயர்களின் எதிர்ப்பையடுத்து ஒதுக்கி வைக்கப்பட்டதையும் சுருக்கமாகச் சொன்னார்கள். பிறகு ஒரு மாணவனை வேட்பாளராக மேடையில் நிறுத்தினார்கள். “நீங்கள் உயிரை மதிக்கிறீர்களா?” என்பது முதலில் வந்த கேள்வி. ஆம் என்று சொல்லிவிட்டு அவன் கைகூப்பினான். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லும் அரசியல்வாதி இந்த உலகத்தில் இல்லை என்று கூறிய பயிற்றுநர், கேள்வியைத் திருத்தி எழுதச் சொன்னார். 1995இல் வந்ததைப் போன்ற திருத்தம் மீண்டும் வந்தால், கட்சித் தலைமை ஆதரிக்கச் சொன்னாலும் எதிர்த்து வாக்களிப்பீர்களா என்று ஒரு மாணவி கேட்டாள். “அது உணர்வுபூர்வமான விடயம், ஆராய்ந்து பார்க்க வேண்டும்” என்றான் மேடையிலிருந்தவன். “ஆராய்ந்து முடிந்த பிறகு, சேர்?” என்று அவள் விடாமல் கேட்டபோது மண்டபமே சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பின்னர் வேறொரு மாணவன், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னால் இருந்தவர்களைத் தூக்கிலிட வேண்டும் என்று சொல்லும் வேட்பாளர் உயிரை ஆதரிப்பவரா இல்லையா என்று கேட்டான். சீயோன் தேவாலயத்தில் அத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில் அந்தக் கேள்வி வந்தே தீரும். பயிற்றுநர் நழுவவில்லை. மரண தண்டனையை ஏற்க முடியாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 2018இல் திருத்தப்பட்டதையும், இலங்கையில் தண்டனை விதிக்கப்பட்டாலும் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதையும் சொல்லி, முடிவை அவர்களிடமே விட்டார். உடன்படாத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை அடக்கிப் பேசாதது எனக்குப் பிடித்திருந்தது.

மதியத்துக்குப் பின்னர் கையேட்டை விரித்தபோது தரம் இறங்கியது. அமெரிக்காவில் இளையோருக்காக எழுதப்பட்டதை யாரோ தமிழாக்கி, ஊருக்கேற்ப மாற்றாமல் அச்சிட்டிருக்கிறார்கள். அங்கே கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973இன் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் மாற்றியதையடுத்து விடயம் மாநிலங்களின் கைக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் கன்சாஸ் மாநிலம் வாக்கெடுப்பே நடத்தியது. ஆகவே உள்ளூர்த் தேர்தல்களிலும் இக்கேள்வியைக் கேளுங்கள் என்பது அவர்களுக்குப் பொருந்தும் அறிவுரை. இங்கே தண்டனைச் சட்டக்கோவையை மாற்றக்கூடியது பாராளுமன்றம் மட்டுமே. பிரதேச சபை வேட்பாளரிடம் கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால் அவர் எதை வேண்டுமானாலும் வாக்குறுதியாகக் கொடுத்துவிட்டுப் போவார். கர்ப்பிணிகள் கிளினிக்குக்குப் போகும் வீதியைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் கேட்டால்தான் அவர் சிக்குவார்.

அதைவிடப் பாரதூரமான குறை ஒன்றுண்டு. ஞாயிறு வழிபாட்டில் வேட்பாளர் பற்றிய துண்டுப்பிரசுரங்களைக் கொடுக்கும்படி கையேடு சொல்கிறது. நமது நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், தேர்தல் காலத்தில் சமயக் கூட்டமொன்றில் வாக்காளரைத் தூண்டும் வகையில் பேசுவதையும் பிரசுரம் விநியோகிப்பதையும் தகாத செல்வாக்கு என்னும் குற்றமாகக் கருதுகிறது. வேட்பாளர் ஒருவருக்காகச் செலவிடப்படும் பணம் 2023இன் தேர்தல் செலவினச் சட்டத்தின் கீழ் கணக்கில் வர வேண்டியதாயிருப்பதையும் கையேடு குறிப்பிடவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை பூசை முடியும் நேரத்தில் பொலிஸாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வந்தால் அதற்கு யார் பொறுப்பு? இதை நான் இடைவேளையில் ஏற்பாட்டாளர்களிடம் சொன்னேன். அவர்கள் மறுக்காமல், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும்படி மேடையிலிருந்தே அறிவித்தார்கள். அடுத்த அச்சில் அந்தப் பக்கமே இல்லாமலிருப்பது நல்லது.

எனக்கு இருந்த மனக்குறை இன்னொன்று. திருமணமாகாமல் கருவுற்ற ஒரு பெண் பிள்ளை நமது ஊரில் பாடசாலையையும், சில வேளைகளில் வீட்டையும் இழப்பதைப் பற்றி நாள் முழுவதிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரிபோஷா என்னும் சத்துமாவும் கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவும் தடையின்றிக் கிடைக்கிறதா, பிரசவித்த மாணவி திரும்பப் படிக்க வழியுண்டா என்று வேட்பாளரிடம் கேட்பதும் கருவிலுள்ள உயிருக்காகக் கேட்பதே. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரை ஒரு மணித்தியாலம் பேச அழைத்திருந்தால், மண்டபத்தின் இடப்புறத்தில் அமைதியாக இருந்த பெண் பிள்ளைகள் பேசியிருப்பார்கள்.

ஒலிபெருக்கி தெளிவாக இருந்தது. சோறும் மீன் குழம்பும் போதுமான அளவு கிடைத்தன. நிகழ்ச்சி மாலை ஐந்தரைக்கு மேல் நீண்டதால் கல்முனைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாயிற்று. அம்பாறை மாவட்டப் பிள்ளைகளுக்காகக் கல்முனையிலேயே ஒன்று நடத்தப் போவதாகச் சொல்கிறார்கள். அனுப்ப விரும்பும் பெற்றோர், திருத்திய கையேடு கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டலாம்.