பத்து நாள் பினாங்கா, வருடம் முழுக்கக் கோலாலம்பூரா?

ஜூலை பிறந்தால் எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சு எழுந்துவிடும். நான் கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கிறேன், அக்கா பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். "ஜார்ஜ்டவுன் விழா வருது, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வந்துரு" என்பாள் அவள். "இங்க நடக்கிறதையே பார்க்க நேரம் இல்லக்கா" என்பேன் நான். என் கையில் இருப்பது ஒரு நீண்ட வார இறுதி, மாதக் கடைசியில் மிஞ்சுகிற கொஞ்சம் பணம், பரதம் கற்கும் மகள், அரைமணி நேரத்துக்கு மேல் எங்கும் உட்காராத மகன். ஏழெட்டு வருடமாக இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாயிற்று. கலை பார்க்க எந்த ஊர் என்று அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில், இரண்டும் ஒரே மாதிரிச் சரக்கு இல்லை. ஜார்ஜ்டவுன் விழா என்பது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் நடக்கும், தேதி குறித்த கலை விழா. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது; அந்தப் பெருமையில் 2010இல் விழா பிறந்தது. ஜோ சிடெக் இயக்குநராக இருந்து 2018 வரை நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு மாத அளவுக்குக்கூட நீளும். இப்போது ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ பத்து நாள். கோலாலம்பூரில் இப்படி ஒரு குடைக்குள் எதுவும் வராது. செந்தூலில் ஓர் அரங்கு, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அரங்கு, தித்திவங்சாவில் ஒன்று, இரட்டைக் கோபுரத்தின் அடியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி நாட்காட்டி. யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். மார்கழியில் சென்னைக்குப் போய் சபா சபாவாகச் சுற்றியவர்களுக்குப் பினாங்கு சட்டென்று பிடிபடும். கோலாலம்பூர் அப்படி இல்லை. இங்கே வருடம் முழுக்கத் தூறல்தான், அடைமழை கிடையாது.

நடக்கிற விஷயத்தில் போட்டியே இல்லை, பினாங்குதான். 1880இல் கட்டிய பழைய டவுன் ஹாலில் ஒன்றைப் பார்த்துவிட்டு, கடைகளின் முன்னால் நிழல் தரும் ஐந்தடிப் பாதையிலேயே நடந்து ஆர்மீனியன் தெருவுக்குப் போய்விடலாம். இடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடிக்கலாம், வியர்வையைத் துடைக்கலாம், வழியில் யாரோ தெருவில் ஆடிக்கொண்டிருந்தால் நின்று பார்க்கலாம். விழா நிகழ்ச்சிகளில் கணிசமானவை இலவசம். பிடிக்காவிட்டால் பாதியில் நழுவினாலும் மனம் கனக்காது. என் மகனைப் போன்ற ஆட்களுக்கு இதைவிடப் பெரிய வரம் ஏது.

கோலாலம்பூரில் கலை பார்ப்பது என்பது பாதி போக்குவரத்து நெரிசலைப் பார்ப்பதுதான். வெள்ளிக்கிழமை மாலை, மழை, எட்டரை மணி நிகழ்ச்சி. ஒருமுறை ஏழு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். எந்த அரங்கு என்று சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திவிட்டார்கள், இடைவேளைக்குப் பிறகுதான் உள்ளே விடுவோம் என்றார்கள். விதி சரிதான், ஆடுகிறவர்களுக்குத் தொந்தரவு கூடாது. ஆனால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வெளியே தொலைக்காட்சித் திரையில் ஒரு மணி நேரம் பரதம் பார்த்த என் மகளிடம் யார் அதை விளக்குவது? அன்றிலிருந்து செந்தூலுக்கு வெளியே என்றால் ரயிலில்தான் போகிறோம்.

செந்தூலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அப்பா இந்த வட்டாரத்து ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அந்த ரயில்வே காலத்துப் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில்தான் இன்று கேஎல்பாக் என்று எல்லாரும் சொல்லும் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் இருக்கிறது. ஃபரிதா மெரிக்கனும் ஜோ ஹஷாமும் 1989இல் தொடங்கிய நாடகக் குழு, டத்தாரான் மெர்டேக்கா என்னும் சுதந்திரச் சதுக்கத்தின் அடியில் நிலத்தடி அரங்கு வைத்திருந்தது. 2003 திடீர் வெள்ளம் அதை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு 2005இல் திறந்ததுதான் செந்தூல் மையம். பெரிய அரங்கில் சுமார் 500 பேர் உட்காரலாம். சின்ன அரங்கில் 200க்கும் குறைவு, நடிகரின் மூச்சு கேட்கும். ஒருமுறை அப்பாவைக் கூட்டிப்போனேன். நாடகத்தைவிடக் கூரையின் இரும்புச் சட்டங்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, நம் ஆட்கள் கேட்கும் முக்கியமான கேள்விக்கு வருவோம். நமக்கு எங்கே என்ன இருக்கிறது?

இதில் கோலாலம்பூரின் ஆழத்தைப் பினாங்கு விழாவால் எட்ட முடியாது. பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலில் 1981இல் தொடங்கியது. நடனம், வாய்ப்பாட்டு, வாத்தியம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கற்றுத்தந்து, கற்றவர்களையே மேடையேற்றுகிறார்கள். பினாங்கிலும் அவர்களுக்குக் கிளை உண்டு என்பதை அக்கா சார்பில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள். அப்புறம் தித்திவங்சாவில் சூத்ரா. 1983இல் ராம்லி இப்ராஹிம் தொடங்கிய நடனக் குழு. மலாய்க்காரர் ஒருவர் பரதமும் ஒடிசியும் கற்று, அதையே வாழ்க்கையாக்கி, தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஆடல் கலைஞர்களை உருவாக்கியிருக்கிறார். இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர்கள் வீட்டோடு சேர்ந்த திறந்தவெளி மேடையில் நிகழ்ச்சி பார்ப்பது தனி அனுபவம். மேலே மரம், கீழே சலங்கை. என் மகள் அங்கே உட்கார்ந்தால் விரல்கள் தானாக முத்திரை பிடிக்கும்.

இதோடு நவராத்திரியையும் சேர்க்க வேண்டும். ஒன்பது இரவும் நகரத்துக் கோயில்களில் நடனப் பள்ளிகளும் பாட்டு வகுப்புகளும் மேடையேறும். டிக்கெட் இல்லை, பிரசாதம் உண்டு. சத்தம், ஒலிபெருக்கியின் கீச்சு, நடுவில் அம்மாக்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பது எல்லாம் இருக்கும். இதைக் கலை விழாப் பட்டியலில் யாரும் போடுவதில்லை. போட வேண்டும் என்பது என் கட்சி. சென்ற வருடம் ஒரு பத்து வயதுப் பையன் ஆடிய அலாரிப்பு, காசு கொடுத்துப் பார்த்த பல நிகழ்ச்சிகளைவிட இன்னும் மனதில் நிற்கிறது.

ஜார்ஜ்டவுன் விழாவில் இதெல்லாம் ஒரு வருடம் வரும், மறுவருடம் வராது. முழுத் தமிழ் நாடகம் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் அங்கே வேறொன்று கிடைக்கும்: மற்றவர்களின் கலைக்குள் நம் கால்தடம். போரியாவைப் பாருங்கள். இன்று அது பினாங்கு மலாய்க்காரர்களின் பாட்டும் நையாண்டியும் கலந்த ஆட்டம். முன்னால் ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க, பின்னால் வரிசையாக நிற்பவர்கள் திருப்பிப் பாடுவார்கள், நடுவில் ஒரு கேலி நாடகம் வரும். அதன் வேர் முஹர்ரம் மாதத் துக்க ஊர்வலம். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் படைப்பிரிவோடு வந்த முஸ்லிம் சிப்பாய்கள் கொண்டுவந்தது என்பார்கள். பங்சாவான் என்னும் மலாய் நாடகத்தின் கதையும் அப்படித்தான். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிய பினாங்கு, 1880களில் அதே பாணியில் மலாய் மொழி நாடகக் குழுக்களைக் கட்டியது. முதல் குழுவை நிறுவியவர் என்று சொல்லப்படுபவரின் பெயரே மாமாக் புஷி; மாமாக் என்றால் இங்கே இந்திய முஸ்லிம். நாம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து வேறு யாருடைய கலையையோ பார்க்கிறோம் என்று நினைத்திருப்போம். திடீரென்று ஒரு தாளத்தில் நம் ஊர் கேட்கும். அந்தச் சிலிர்ப்பைக் கோலாலம்பூர் எனக்கு இன்னும் தரவில்லை.

ஓவியத்தில் ஊரே பினாங்குக்குத்தான் ஓட்டுப் போடும். 2012 விழாவுக்காக லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸகாரெவிச் தீட்டிய சுவரோவியங்கள், குறிப்பாக நிஜ சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் அந்த ஆர்மீனியன் தெருச் சுவர், ஜார்ஜ்டவுனையே மாற்றிவிட்டது. இதைத் தவிர, தெருக்களின் கதையைக் கேலிச்சித்திரமாகச் சொல்லும் இரும்புக் கம்பிச் சிற்பங்கள் 52 உண்டு. என் மகன் எண்ணிக்கொண்டே நடப்பான். பழைய பேருந்துப் பணிமனையைக் கலைக்கூடமாக்கிய ஹின் பஸ் டெப்போவும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையோடு.

எனக்கு இதில் ஓட்டு கோலாலம்பூருக்கு. சைக்கிள் சுவருக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர் தொண்டையைச் செருமத் தொடங்கியதும் நகர்ந்துவிடுவதை ஓவியம் பார்ப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாயமும் வெயிலில் வெளுத்துக்கொண்டே போகிறது. ஜாலான் துன் ரசாக்கை ஒட்டிய தேசியக் கலைக்கூடத்தில் யாரும் தள்ள மாட்டார்கள். 1958இல் துங்கு அப்துல் ரஹ்மான் காலத்தில், நன்கொடையாக வந்த நான்கே நான்கு படைப்புகளோடு தொடங்கிய இடம் அது. இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஜாலான் பிஞ்சாயில் 2015இல் திறந்த இல்ஹாம் கலைக்கூடம் இன்னொன்று. அதற்குக் காசே கிடையாது, ஏசி மட்டும் எலும்பு வரை போகும்.

சையத் தாஜுதீன் என்ற பெயரைத் தெரியுமா? தமிழ்நாட்டில் அழகன்குளத்தில் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்து, பிறகு மதராஸ் ஓவியக் கல்லூரியில் படித்தவர். ராமாயணத்தைப் பெரிய பெரிய திரைகளில் தீட்டியவர். அனுரேந்திரா ஜெகதேவா சட்டம் படித்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர், நம் சமூகத்தின் வீடு, சாமி, கல்யாணம், கவலை எல்லாம் அவர் திரையில் வரும். இப்படிப்பட்டவர்களின் படைப்பு முன்னால் நின்று, "இவரும் நம்ம ஆள்தான்" என்று பிள்ளைகளிடம் சொல்ல வாய்ப்பு வரும்போது விடக்கூடாது. என்ன கண்காட்சி தொங்குகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள், எப்போதும் எல்லாம் சுவரில் இருக்காது.

செலவு. எனக்கு அக்கா வீடு இருக்கிறது, அதனால் என் கணக்கு உங்களுக்கு உதவாது. இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து கடலைக் கடக்க ஃபெரியில் கால்மணி நேரம் போதும். புதிய ஃபெரியில் கார் ஏறாது. அதுவே நல்லது, விழா நாட்களில் ஜார்ஜ்டவுனுக்குள் காரை நிறுத்த இடம் தேடுவதற்கு நடந்தே முழு நகரத்தையும் சுற்றிவிடலாம். அறை எடுத்துத் தங்குகிறவர்கள் தேதி அறிவித்த வாரமே பதிவு செய்துவிட வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு ரயில், அறை, நாசி கண்டார் சாப்பாடு எல்லாம் சேர்த்தால், அதே பணத்தில் கோலாலம்பூரில் பல மாலைகள் அரங்கில் உட்காரலாம். மாணவர் தள்ளுபடி இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

வசதியைப் பற்றி ஒரு வரி: நல்ல ஒலி வேண்டும், முதுகு வலிக்கக் கூடாது என்றால் 1998இல் திறந்த பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கு. உடை விதி உண்டு, செருப்போடு போய்த் திரும்பி வராதீர்கள்.

இந்தப் போட்டியில் சேராத மூன்றாவது ஒன்று இருக்கிறது. சீனர்களின் ஏழாம் மாதம், பேய் மாதம் என்கிறோமே, பெரும்பாலும் ஆகஸ்டில் விழும். அப்போது பினாங்குத் தெருக்களில் தற்காலிக மேடை போட்டு இரவில் சீனக் கூத்து நடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பொத்தேஹி என்னும் கைப்பாவைக் கூத்தும் பார்க்கலாம். முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கு. தெரியாமல் என் மகன் ஒருமுறை அதில் போய் உட்கார்ந்துவிட்டான், ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து எழுப்பி, பின்வரிசையில் உட்காரவைத்து, ஒரு மிட்டாயும் கொடுத்தார். மொழி ஒன்றும் புரியவில்லை. ராஜா கோபப்படுகிறார், பெண் அழுகிறாள், கோமாளி வழுக்கி விழுகிறான். நம் ஊர்த் தெருக்கூத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு இருக்க முடியாது. அரைமணி நேரத்துக்கு மேல் உட்காராத அந்தப் பயல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தான்.

ஆக, பிள்ளை நடனமோ பாட்டோ கற்கிறது, அதற்குத் தீனி வேண்டும் என்றால் கோலாலம்பூரை விட்டு நகராதீர்கள். பிரிக்பீல்ட்ஸ், தித்திவங்சா, நவராத்திரிக் கோயில்கள் போதும். கலை என்றாலே கொட்டாவி விடும் கணவனோ தம்பியோ வீட்டில் இருந்தால் பினாங்குக்கு இழுத்துப் போங்கள், சாப்பாட்டைக் காட்டி. ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், விழாவின் கடைசி வார இறுதியும் ஏழாம் மாதமும் ஒட்டி வருகிற வருடமாகப் பார்த்துப் போங்கள். ஜூலை 7 அங்கே பொது விடுமுறை. மரபுரிமை நாளை ஒட்டித் தெருவில் கைவேலை, விளையாட்டு, சமையல் என்று ஒவ்வொரு சமூகமும் கடை பரப்பும். கூட்டம் பிடிக்காத எனக்கு அது வேண்டாம், அக்காவுக்கு அதுதான் உயிர்.

இந்த வருடம் அக்கா ஜெயித்துவிட்டாள். நான்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. பதிலுக்கு நவராத்திரிக்கு அவள் இங்கே வந்து மூன்று இரவு தங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மகள் ஏழாம் நாள் ஆடுகிறாள், முன்வரிசை நாற்காலி அக்காவுக்கு.