மூன்று வருடமாக வீட்டில் ஆபாசத் தடுப்பு ஃபில்டர்: ரௌட்டர் மாற்றிய பிறகு எழுதுவது

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். அவள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், பிறந்தநாளுக்கு டேப் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணி, உங்க வீட்ல ஏதோ ஃபில்டர் போட்டிருக்கீங்களாமே, நல்லா வேலை செய்யுதா? நானும் போட்டுடவா?" என்று கேட்டாள். ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடு என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஆப் எதுவும் இல்லை. ரௌட்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித்தருகிற சேவை) என்று இருக்கிற இடத்தில் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.3, அதற்கு மாற்றாக 1.0.0.3 என்று இரண்டு எண்கள். அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று அவர்கள் இலவசமாகத் தொடங்கியது. கடைசி எண்ணைக் கவனியுங்கள். 1.1.1.1 எதையும் தடுக்காது. 1.1.1.2 வைரஸ் பரப்பும் தளங்களை மட்டும் தடுக்கும். 3-இல் முடிவது மட்டும்தான் ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும். என் அலுவலகத்தில் ஒருவர் ஒரு வருடமாக 1.1.1.1 போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். நான் சொன்ன அன்று அவர் முகம் வெளுத்துப் போனது.

நாங்கள் போட்டதற்குக் காரணம் மகன். அப்போது ஆறாம் வகுப்பு, பதினொரு வயது. ஒரு கேமில் ஏதோ லெவலைத் தாண்ட வழி தேடியிருக்கிறான். ஒரு பக்கத்தில் டவுன்லோட் பட்டனை அழுத்தினால் பின்னால் இன்னொரு பக்கம் தானாகத் திறக்கிறது. பிள்ளைகள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள் என்றுதான் நாம் பயப்படுகிறோம். என் பிள்ளை தேடவில்லை, அது அவனைத் தேடி வந்தது. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். வயிறு வலி என்றான். மூன்று நாள் கழித்து லேப்டாப் ஹிஸ்டரியைப் பார்த்துத்தான் எனக்கு வலி எங்கே என்று புரிந்தது.

அந்த வாரமே போட்டேன். பத்து நிமிட வேலை. நெட் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வீட்டு வைஃபையில் சேர்கிற எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது: டிவி, பழைய லேப்டாப், லீவுக்கு வருகிற பிள்ளைகளின் போன் எல்லாம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எதையும் ஏற்ற வேண்டாம். இலவசப் படம், இலவச கிரிக்கெட் என்று சொல்லும் தளங்களில் ஓரத்தில் ஆடும் அசிங்கமான விளம்பரங்களில் பெரும்பகுதி காணாமல் போனது. அந்த விளம்பரங்கள் வருகிற முகவரிகளும் தடையில் இருக்கின்றன போலும். மூன்று வருடம் நான் இதைப் பற்றி நினைக்கவே தேவை இருக்கவில்லை.

கோளாறு அங்கேதான் இருந்திருக்கிறது.

போன மாதம் ஒரு மழைக்கு ஃபைபர் இணைப்பு செத்துப்போனது. ஆள் வந்தார், பெட்டி போய்விட்டது என்றார், புதுசு மாட்டினார், பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே போட்டுக்கொடுத்தார். "நெட் வந்துருச்சு மேடம்." எனக்கும் சந்தோஷம். யார் போனிலும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்குள் டிஎன்எஸ் 'ஆட்டோமேட்டிக்' என்று திரும்பிப் போயிருந்தது அவருக்கும் தெரியாது, நானும் பார்க்கவில்லை. பத்தொன்பது நாள். பத்தொன்பது நாள் எங்கள் வீட்டில் ஃபில்டர் இல்லை, ஃபில்டர் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

நெட் இரண்டு நிமிடம் நின்றால் நாலு அறையிலிருந்தும் சத்தம் வருகிறது. ஃபில்டர் நின்றால் ஒரு சத்தமும் இல்லை. சொல்லப்போனால் எல்லாம் முன்னைவிட நன்றாகவே ஓடுகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் எதுவும் தடைபடவில்லை. ஒரு மெயில், ஒரு மெசேஜ், ஒரு சிவப்பு விளக்கு கிடையாது. பணம் கொடுக்காத சேவையிடம் இதைக் கேட்பது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். ரௌட்டரில் எண்ணை அழித்தால் அது அந்தக் கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்றார். சரிதான். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கிறேன். மகன் அடுக்களை வாசலில் வந்து நிற்கிறான். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. "அம்மா, நம்ம ஃபில்டர் ஓடுதா?" என்றான். ஏண்டா என்றேன். "மேட்ச் லிங்க் தேடினேன். வேற ஒண்ணு திறந்துச்சு. மூடிட்டேன்." போய்ப் பார்த்தால் லேப்டாப் மூடி சாத்தியிருக்கிறது, உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்த அந்தப் பக்கத்தை மட்டும் மூடத் தெரியாதவன் இல்லை. பதறிப்போய் லேப்டாப்பையே அடித்துச் சாத்தியிருக்கிறான். இப்போது ஒன்பதாம் வகுப்பு, மீசை அரும்புகிறது. கையை மாவோடு அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் நின்றேன். சொல்லிட்டியே, அது போதும் என்றேன்.

அவன் வந்து சொன்னது தானாக நடந்ததில்லை. அதற்கு முன்னால் ஒரு வருடம் அவன் என்னிடம் எதையுமே சொல்லாமல் இருந்தான். அதற்குக் காரணம் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு ஆப்.

ரௌட்டர் ஃபில்டர் போதாது என்று பயந்து, அவன் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது கண்காணிப்பு ஆப் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். பிள்ளை என்ன தேடுகிறான், எவ்வளவு நேரம் பார்க்கிறான், எல்லாம் என் போனுக்கு வரும். ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் சிவப்பு நிறத்தில் நோட்டிஃபிகேஷன்: 'உங்கள் குழந்தை ஆபாச உள்ளடக்கம் தேடியது.' எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாடிப்படியில் நின்று அவனுக்குப் போன் போட்டு என்ன ஏது என்று கேட்காமல் கத்தினேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மேஜையில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம், 'வளரிளம் பருவமடைதல்' பாடம் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் நோட்டில் ஹார்மோன்களின் பெயர்களைப் பாதி எழுதி நிறுத்தியிருக்கிறான். பாடத்திலிருந்த உடலுறுப்புப் பெயர் ஒன்றைத் தேடியிருக்கிறான். அந்த ஆப்புக்குப் பாடமும் ஆபாசமும் ஒன்று.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் ஒரு சந்தேகத்தைக்கூட என்னிடமோ அப்பாவிடமோ கேட்கவில்லை. உடம்பில் மாற்றம் வருகிற வயது. யாரிடமாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? யாரிடம் கேட்டிருப்பான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலு மாதம் கழித்து அவன் முன்னாலேயே அந்த ஆப்பை அழித்தேன். மீதிச் சந்தா போனது போகட்டும். அப்புறமும் அவன் பழையபடி பேச ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. நானாக வாயைத் திறந்து, இந்த மாதிரிப் படங்களில் இருப்பது நடிப்பு, காசுக்கு எடுப்பது, நிஜ வாழ்க்கையில் இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது அது இல்லை என்று சொல்லப் பழகினேன். முதல் தடவை எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், எழுந்து போகவில்லை.

அந்த ஆப்போடு ஒப்பிட்டால் டிஎன்எஸ் ஃபில்டர் எவ்வளவோ மேல். கோள் சொல்வதில்லை, கதவை மட்டும் சாத்துகிறது. இதுவும் தப்புச் செய்யாமல் இல்லை. தொடங்கிய புதிதில் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநருக்கும் உதவுகிற தளங்களைக்கூடச் சேர்த்துத் தடுத்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். எங்கள் வீட்டில் மூன்று வருடத்தில் பாடத்துக்கு வேண்டிய எதையும் இது தடுத்ததாக நினைவில்லை.

இனி, இது எங்கெல்லாம் செல்லாது என்பது. முகவரியைத் தேடித்தருகிற இடத்தில்தான் இந்த ஃபில்டர் உட்கார்ந்திருக்கிறது. தெருப் பேரைக் கேட்டால் வழி சொல்லும், கெட்ட தெரு என்றால் சொல்லாது. நல்ல தெருவுக்குள் ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளம் 2024-இல் வயது வந்தோருக்கான ஆபாசப் பதிவுகளை வெளிப்படையாகவே அனுமதித்து விதியை எழுதிக்கொண்டது. ஃபில்டருக்கு எக்ஸ் என்பது ஒரே முகவரி, முழுதாகத் திறக்கும். டெலிகிராம், வாட்ஸ்அப் எல்லாம் இதே கதை. கூகுள் படத் தேடலில் வருகிற சின்னப் படங்களும் கூகுளின் முகவரியிலிருந்தே வருவதால் சேஃப்சர்ச் (தேடலில் ஆபாசத்தை மறைக்கிற கூகுளின் செட்டிங்) ஓடுகிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். விபிஎன் (நெட்டை வேறொரு வழியாகச் சுற்றி அனுப்புகிற ஆப்) போட்டால் எல்லாமே போச்சு. மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் வீட்டு ரௌட்டர் பக்கமே வராது.

மொபைல் டேட்டாவுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்ட் 9-இலிருந்து போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒரு செட்டிங் உண்டு. க்ளவுட்ஃப்ளேரின் குடும்ப முகவரியை அதில் எழுதிவிட்டால் டேட்டாவிலும் வேலை செய்யும். பத்தொன்பது நாளும் பிள்ளைகள் கையிலிருந்த போன் தப்பியது இதனால்தான். சில இடத்து வைஃபையில் இது ஒத்துவராமல் நெட்டே வராது. என் அப்பா வீட்டில் அப்படி ஆகி, "என்னம்மா பேத்தி போன்ல யூடியூப் கூட வரல" என்று அவர் சலித்துக்கொண்டார். எனக்கோ அது பிடித்திருக்கிறது. வேலை செய்ய முடியாவிட்டால் நெட்டை நிறுத்தியாவது காட்டிக்கொடுக்கிறதே. ரௌட்டரில் இருப்பதும் இப்படி இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

"அதான் கவர்மென்டே பிளாக் பண்ணிடுச்சே அண்ணி" என்றும் நாத்தனார் சொன்னாள். 2015-இல் 857 தளங்களைத் தடுக்கச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே பெருமளவு பின்வாங்கினார்கள். 2018-இல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 827 தளங்களைத் தடுத்தார்கள். அவற்றில் சில முகவரியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு திரும்ப வந்தன. அந்தத் தடையை நம்பி டேபைக் கையில் கொடுக்காதே.

இன்னொன்று, இது ஃபில்டர் விஷயமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மகன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ராத்திரி யாரோ ஒரு வீடியோவைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் ஒரு அம்மா அதையே எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டு "இது யார் பிள்ளை போட்டது?" என்று கேட்டார். ஆதங்கம் புரிகிறது, ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதில் இருந்தவர்கள் பெரியவர்கள். குழந்தைகளாக இருந்திருந்தால் அதை அனுப்பியதே பெரிய குற்றமாகியிருக்கும். சென்னை இளைஞர் ஒருவரின் வழக்கில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்யும் படங்களை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம். இவற்றை ஆபாசப் படம் என்று அழைக்கவே கூடாது, அது குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு என்றும் சொன்னது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலேயே புகார் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பெரியவர் யாராவது உங்கள் பிள்ளைக்கு இப்படி எதையாவது வேண்டுமென்றே காட்டினால் அதுவே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 11-ஆவது பிரிவில் பாலியல் துன்புறுத்தல். மூன்று வருடம் வரை சிறை உண்டு. பிள்ளை வந்து சொன்னால்தானே இதெல்லாம் நடக்கும்?

சரி, எத்தனை ஸ்டார்? இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது பொருத்தமாக இல்லை, தெரியும். இன்றைக்கு என் மனநிலையில் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். அந்தப் பத்தொன்பது நாள் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் அன்று ராத்திரியே, இட்லி வேகும் முன்னால், அதே இரண்டு எண்களைப் புதுப் பெட்டியில் போட்டுவிட்டேன். அதை எடுக்க மாட்டேன்.

இப்போது ஒன்று செய்கிறோம். ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகவே க்ளவுட்ஃப்ளேர் ஒரு சோதனை முகவரி வைத்திருக்கிறது. ஃபில்டர் இருந்தால் அந்தப் பக்கம் திறக்காது. சனிக்கிழமை காலையில் மகன் லேப்டாப்பிலும் டிவியிலும் அதை அடித்துப் பார்த்துவிட்டு, "ஓடுதும்மா" என்று அடுக்களைக்குக் குரல் கொடுக்கிறான். கரண்ட் போய் வந்தாலும், ஆள் வந்து பெட்டியைத் தொட்டாலும் உடனே பார்க்கிறான்.

நாத்தனாருக்கு இதுதான் பதில்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ரௌட்டர் பாஸ்வேர்டை எடுத்து வை. டேபில் எதையும் ஏற்றாதே, கண்காணிப்பு ஆப் எதற்கும் காசு கட்டாதே. நான் வரும்போது பாப்பாவும் பக்கத்தில் உட்காரட்டும், அவள் கையாலேயே அந்த எண்களை அடிக்கட்டும். எதற்கு இது என்று கேட்பாள். நீ பதில் சொல். நான் கூட இருக்கிறேன்.