முதல் ரிம்ஃபயர் கைத்துப்பாக்கி: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஓய்வு நேரத்தில் காகித இலக்குகளைச் சுடுவதற்காக முதன்முறையாக ஒரு .22 (0.22 அங்குல அளவுத் தோட்டா போடும்) கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர், பெரும்பாலும் எது மிகத் துல்லியமானது என்ற கேள்வியோடுதான் தேடத் தொடங்குகிறார். ருகர் மார்க் 4 டார்கெட் பிஸ்டல் ஒன்றைப் பல ஆண்டுகளாகச் சொந்தமாக வைத்துச் சுட்டும், உடன் சுடுபவர்களின் பிஸ்டல்களையும் ரிவால்வர்களையும் அவ்வப்போது வாங்கிப் பார்த்தும் வந்த பிறகு, அந்தக் கேள்விக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. ஓரளவு தரமாகச் செய்யப்பட்ட எந்த .22 கைத்துப்பாக்கியும், தாங்கியில் வைத்துச் சுட்டால், புதிதாகப் பழகுபவரின் கையைவிட நன்றாகவே சுடும். ஒரு துப்பாக்கி நாளடைவில் நமக்கு உதவுகிறதா, அல்லது அலமாரியிலேயே தங்கிவிடுகிறதா என்பதை முடிவு செய்பவை அதன் விசையும், குறிபார்க்க உதவும் முன்பின் குறிகளும், வெவ்வேறு தோட்டாக்களைத் தடையின்றி ஏற்கும் இயல்பும், பிரித்துத் துடைப்பதில் உள்ள எளிமையும்தான். உரிமம், பாதுகாப்பாக வைத்திருத்தல், அனுமதி பெற்ற சுடுதளம் ஆகியவை தொடர்பான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அவற்றை முதலில் முடித்துக்கொண்டவருக்காகவே இதை எழுதுகிறேன்.

தோட்டாவைப் பொறுத்தவரை தயக்கமே வேண்டாம்; .22 லாங் ரைஃபிள் போதும். 1887 முதல் இருந்துவரும் இந்தத் தோட்டாவின் வழக்கமான குண்டு 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் எடை உடையது. பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால், வெடிக்கப்போகிறது என்று எதிர்பார்த்து விசையை இழுக்கும் முன்பே கையைக் கீழே அழுத்திவிடும் கெட்ட பழக்கம் எளிதில் தொற்றாது. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் இந்தத் தோட்டாவில்தான் நடக்கின்றன என்பதால், பிறகு ஆர்வம் முற்றினாலும் தோட்டா மாற்ற வேண்டியதில்லை. .22 மேக்னம் என்பது நீண்ட குழலில் பொருளுள்ள தோட்டா. கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் அதன் கூடுதல் வெடிமருந்தில் கணிசமான பங்கு தீச்சுடராகவும் சத்தமாகவுமே போய்விடுகிறது.

.22 லாங் ரைஃபிள் சேர்ந்த ரிம்ஃபயர் தோட்டா வகையின் அமைப்பை ஒருமுறை புரிந்துகொண்டால், கீழே நான் சொல்லப்போகும் குறை நிறைகளில் பாதி தாமாகவே விளங்கும். சென்டர்ஃபயர் தோட்டாவில் அடிப்பகுதியின் நடுவே வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தனியாக உண்டு. ரிம்ஃபயரில் அது கிடையாது. தோட்டாக்கூட்டின் அடியில் மடிந்திருக்கும் விளிம்பின் உட்குழிவில் பற்றவைக்கும் கலவை பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஃபயரிங் பின் என்ற அடிக்கும் ஊசி அந்த விளிம்பை, தோட்டா அமரும் அறையின் சுவரோடு சேர்த்து நசுக்கும்போது கலவை பற்றிக்கொள்கிறது. நசுங்க வேண்டும் என்பதால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய கூட்டை மீண்டும் நிரப்பிச் சுடுவது நடைமுறையில் இயலாது. கலவை எங்காவது பரவாமல் விட்டுப்போயிருந்து, அந்த இடத்தில் ஃபயரிங் பின் அடித்தால், தோட்டா வெடிக்காது. தோட்டாவைச் சற்றுத் திருப்பிப் போட்டால் அதே தோட்டா வெடிப்பதும் உண்டு.

இனித் துப்பாக்கி வகைகளுக்கு வருவோம். என் கணிப்பில் முதலிடம், குழலும் குறிகளும் அசையாமல் நிற்க, உள்ளேயோ பின்புறத்திலோ இருந்து அறையை மூடித் திறக்கும் போல்ட் மட்டும் முன்பின் ஓடும் இலக்குப் பிஸ்டல்களுக்கு. ருகர் நிறுவனம் 1949இல் வெளியிட்ட முதல் பிஸ்டலின் வழிவந்த மார்க் வரிசை, 1985இல் வந்த பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இதே வகையின் மேல்தட்டில் 1957 முதல் விற்பனையில் உள்ள ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41ஐச் சொல்லலாம். ஆனால் முதல் துப்பாக்கியாக அதை வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. கனமான குழல் கொண்டவை ஏறக்குறைய ஒரு கிலோ எடை வரும். கடையில் தூக்கிப் பார்க்கும்போது இந்த எடை சுமையாகத் தோன்றலாம். சுடுதளத்தில் அதுவே நன்மையாகிறது, ஏனென்றால் முன்பக்கம் கனமாக இருக்கும் துப்பாக்கி கையின் சிறு நடுக்கங்களுக்கு உடனுக்குடன் ஆடுவதில்லை. உடல் வலு குறைந்தவர்களும் இளையவர்களும், குழலின் எடையைக் குறைத்துச் செய்யப்பட்ட வடிவங்களைத் தேடுவது நல்லது.

இரண்டாவது வகை, பெரிய காவல்துறைப் பிஸ்டல்களின் தோற்றத்தில், நெகிழிச் சட்டத்தோடு அரைக் கிலோ அளவில் வரும் சிறிய பிஸ்டல்கள். இவற்றின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. சிறிய கைக்கு நன்றாகப் பொருந்துகின்றன, எடுத்துச் செல்ல எளிதானவை, சில மீட்டர் தொலைவில் தகரக் குவளையைச் சுடுவதற்கு உற்சாகமானவை. ஆயினும் 25 மீட்டரில் காகிதத்தின் நடுவைத் தேடும்போது அவற்றின் குட்டையான குறி இடைவெளியும் நீளமான விசை இழுப்பும் பொறுமையைச் சோதிக்கின்றன. நான் நெடுநாள் இரவல் வாங்கிச் சுட்ட அப்படிப்பட்ட ஒன்று, வேகம் குறைந்த தோட்டாக்களைப் போட்டால் முன்பின் ஓடும் மேல்பகுதியான ஸ்லைடை முழுதாகப் பின்தள்ளாமல், வெற்றுக்கூட்டை வாயிலேயே கவ்விக்கொண்டு நின்றது. அதிவேகத் தோட்டாக்களோடு ஒழுங்காக ஓடியது.

குறி இடைவெளி என்று நான் சொல்வது, குழல் முனையில் உள்ள முன்குறிக்கும் பின்னால் உள்ள வெட்டுக்குறிக்கும் இடையே உள்ள தூரம். அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வெட்டின் நடுவிலிருந்து முன்குறி அரை மில்லிமீட்டர் விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். குறி இடைவெளி 200 மில்லிமீட்டராக இருந்தால் 25 மீட்டரில் குண்டு சுமார் 62 மில்லிமீட்டர் விலகும். இடைவெளி 125 மில்லிமீட்டராக இருந்தால் விலகல் 100 மில்லிமீட்டர் ஆகும். 25 மீட்டர் துல்லியப் போட்டி இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர், அடுத்தடுத்த வளையங்கள் 25 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. ஆகவே ஒரே அளவு பிழைக்கு முதல் துப்பாக்கி எட்டையும் இரண்டாவது துப்பாக்கி ஏழின் கடைசி ஓரத்தையும் தருகிறது. மாறாக, குறிகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருக்க, கை முழுவதுமாக ஐந்து மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் ஏறக்குறைய அதே ஐந்து மில்லிமீட்டர்தான் நகரும். புதியவர்கள் கை ஆடுவதைப் பற்றியே கவலைப்பட்டு, குறிகளின் ஒழுங்கை மறந்து, ஆட்டம் நிற்கும் கணத்தைப் பிடிக்க விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவதற்கு இந்த வேறுபாடு தெரியாததே காரணம். பின்குறியை மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திருகி நகர்த்த முடியாத துப்பாக்கியை இலக்குச் சுடுதலுக்கு வாங்க வேண்டாம் என்பேன். தோட்டா மாறும்போதெல்லாம் குண்டு விழும் இடமும் மாறும்.

விசையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடையை மட்டும் சொல்கிறார்கள். சர்வதேசப் போட்டி விதிகளில் 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச விசை எடை 1000 கிராம். பொழுதுபோக்குக்கு ஒன்றரை, இரண்டு கிலோ என்பது தாராளமாகப் போதும். எடையைவிட முக்கியமானது, விசை விடுபடும் கணத்துக்கு முன் உராய்ந்து உராய்ந்து நகராமல் ஒரே இடத்தில் தடைபட்டு நின்று, பிறகு சட்டென்று விடுபடுவது. என் பிஸ்டலின் விசை தொடக்கத்தில் சற்று மணற்பாங்காக இருந்தது. சுடச்சுட, உலோகம் உலோகத்தோடு பழகிச் சீரானது. விசையை மாற்றித் தரும் பிற நிறுவனங்களின் பாகங்கள் மார்க் வரிசைக்கு ஏராளமாக உண்டு என்றாலும், முதல் ஓர் ஆண்டுக்கு அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ரிவால்வர்களில் கதை சற்று வேறு. விளிம்பை உறுதியாக நசுக்க வலுவான அடி வேண்டும் என்பதால், சுத்தியலின் ஸ்பிரிங்கை மெலிதாக்க முடியாது, அதனால் .22 ரிவால்வரின் இரட்டைச் செயல் இழுப்பு, அதாவது விசையை இழுத்தே சுத்தியலையும் பின்தள்ளிச் சுடுவது, பெரும்பாலும் கனமாகவே இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 617 போன்ற பத்துத் தோட்டா ரிவால்வரைச் சுத்தியலை முதலில் விரலால் பின்னிழுத்து வைத்துச் சுட்டால், அதன் விசை நல்ல பிஸ்டல்களுக்கு ஈடாக இருக்கிறது. வெடிக்காத தோட்டா வந்தாலும் உருளை அடுத்ததற்குச் சுழன்றுவிடும் என்பதும், மெதுவான தோட்டாவும் வேகமான தோட்டாவும் அதற்கு ஒன்றே என்பதும் ரிவால்வரின் பெரிய வசதிகள். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்தே சுட வேண்டிய, ருகர் சிங்கிள் சிக்ஸ் போன்ற ஒற்றைச் செயல் ரிவால்வர்களில் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு, ஒவ்வொரு கூடாகத் தள்ளி எடுக்க வேண்டும். அந்த நிதானம் சிலருக்குப் பிடிக்கிறது. பிள்ளைகளுக்குக் கற்றுத்தருபவர்கள் இதையே விரும்புவதும் நியாயமே, ஏனென்றால் ஒவ்வொரு சுடுதலுக்கும் இடையே கட்டாயமாக ஓர் இடைவெளி கிடைக்கிறது. இவற்றோடு .22 மேக்னம் உருளையும் சேர்ந்து வந்தால் ஒன்றில் கவனம் வேண்டும்: மேக்னம் அறை அகலமானது, அதில் லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டால் கூடு உப்பிப் பிளக்கலாம்.

தோட்டா விஷயத்தில் நான் வைத்திருக்கும் ஒரே விதி, மொத்தமாக வாங்கும் முன் பல வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சோதிப்பது. எந்தத் துப்பாக்கிக்கு எது ஒத்துவரும் என்பதைப் பெட்டியில் உள்ள எழுத்திலிருந்து அறிய முடியாது. அரைத் தானியங்கிப் பிஸ்டல், வெடிப்பின் உந்துதலால்தான் போல்ட்டைப் பின்தள்ளுகிறது. ஆகவே ஸ்பிரிங் இறுகியிருக்கும் புதிய பிஸ்டலுக்கு முதலில் அதிவேகத் தோட்டாக்களும், பழகிய பிறகு வினாடிக்கு 325 மீட்டர் அளவில் அறிவிக்கப்படும் சாதாரண வேகத் தோட்டாக்களும் ஏற்றவை. என்னுடையதில் இந்தச் சாதாரண வேக வகைதான் இலக்கில் நெருக்கமாகக் குழுமுகிறது. மலிவான மொத்தப் பெட்டிகளில் வெடிக்காத தோட்டாக்கள் அதிகம் வந்தன. துப்பாக்கியைக் குறைசொல்லும் முன் வேறு தோட்டாவைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விசையை இழுத்தும் வெடிக்காதபோது துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். கலவை தாமதமாகப் பற்றுவது அரிது, ஆனால் நடக்கக்கூடியது. வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். துப்பாக்கியை வெறுமையாக்கி, குழலின் உட்புறத்தைப் பார்த்த பிறகே தொடர வேண்டும். தோட்டாக்களை வைக்கும் பெட்டியான மேகசினில் அவற்றை அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், சிக்கல்களில் பெரும்பகுதி வராது. மேகசின் பொத்தானை முழுதாகக் கீழே இழுத்துவிட்டுத் தோட்டாக்களை உள்ளே கொட்டுபவர்களுக்குத்தான் அது அடிக்கடி சிக்குகிறது.

பராமரிப்பில்தான் மார்க் 4 எனக்கு உண்மையில் பிடித்துப்போனது. மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசிய ஈயக் குண்டும் .22 வெடிமருந்தும் சேர்ந்து விடும் கரி அதிகம். மார்க் வரிசையின் முந்தைய தலைமுறைகளைப் பிரித்துவிட்டு மீண்டும் பூட்டுவது, சுடுபவர்களிடையே பெயர்பெற்ற ஒரு தொல்லை. 2016இல் வந்த மார்க் 4இல் சட்டத்தின் பின்புறம் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பகுதி கழன்று வந்துவிடுகிறது. போல்ட்டை வெளியே எடுத்து, அதன் முகம், கூட்டை இழுக்கும் கொக்கி, அறையின் வாய் ஆகியவற்றைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. பக் மார்க்கைப் பிரிக்க அறுகோணச் சாவி தேவைப்படுகிறது. ஆனால் அதை அடிக்கடி முழுதாகப் பிரிக்க வேண்டியதில்லை என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். குழலின் உட்புறத்தை ஒவ்வொரு முறையும் தேய்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. ஈயக் குண்டு குழலைத் தேய்ப்பதைவிடக் கவனக்குறைவாகச் செலுத்தும் இரும்புக் கம்பி, குழல் முனையை அதிகமாகச் சேதப்படுத்தும். கொக்கியின் அடியில் கரி தங்கினால் வெற்றுக்கூடு வெளியேறாமல் நிற்கும். தடங்கல் தொடங்கினால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

தோட்டா இல்லாமல் விசைப் பயிற்சி செய்வது பற்றி ஓர் எச்சரிக்கை. ரிம்ஃபயரில் ஃபயரிங் பின் விளிம்புப் பக்கம் அடிப்பதால், அறை வெறுமையாக இருக்கும்போது அது நேராக அறையின் ஓரத்தை மோதிப் பள்ளமாக்கக்கூடும். மார்க் வரிசையின் போல்ட்டில் இதைத் தடுக்கும் குறுக்கு ஊசி உண்டு. போல்ட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தவர் அதைத் திரும்பப் போட்டிருக்கிறாரா என்பதே கேள்வி. மற்றத் துப்பாக்கிகளுக்குக் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் செய்யலாம். இல்லையென்றால் போலித் தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும்.

சிறிய தோட்டாதானே என்று காதுக் கவசத்தைத் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கைத்துப்பாக்கியில் .22இன் வெடியொலியும் 140 டெசிபெல்லைத் தாண்டக்கூடியது; இழந்த கேட்கும் திறன் திரும்பி வராது. கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அவ்வாறே அவசியம். சுட்டு முடித்ததும் ஈயம் ஒட்டிய கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

பயன்படுத்திய பிஸ்டலை வாங்குவதும் தவறில்லை; .22இல் குழல் தேய்வது மிக மெதுவாகவே நடக்கும். அப்படி வாங்கும்போது நான் பார்ப்பது, அறையின் ஓரத்தில் ஃபயரிங் பின் மோதிய பள்ளம் இருக்கிறதா, குழல் முனையில் கீறல் இருக்கிறதா, கூடுதல் மேகசின்கள் இன்னும் எளிதாகக் கிடைக்கின்றனவா என்பவையே. உற்பத்தி நின்றுபோன அழகான பழைய பிஸ்டலுக்கு மேகசின் கிடைக்காவிட்டால், அதை முதல் துப்பாக்கியாக வைத்துக்கொண்டு பழக முடியாது. வயது ஏறி, முன்குறி மங்கலாகத் தெரியத் தொடங்கியவர்கள், சிவப்புப் புள்ளிக் குறியைப் பொருத்தும் தண்டவாளம் மேலே இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். என் பிஸ்டலில் இப்போது அதைத்தான் பொருத்தியிருக்கிறேன், திறந்த குறிகளுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை.