பெயரும் கையும்: ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’ ப்ளூ-ரே பதிப்பு

1967 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’ படத்தைத் துப்பறியும் கதையாக மட்டும் எண்ணிப் பார்க்க அமர்பவர் கடைசி அரை மணி நேரத்தில் ஏமாற்றமடையக்கூடும். கொலையாளி யார் என்பதற்கு இப்படம் தரும் விடை, கடையை மூடும் நேரத்தில் அவசரமாகக் கட்டிக் கொடுத்த பொட்டலம் போலத்தான் இருக்கிறது. இரண்டாம் முறை கவனமாகப் பார்த்தபோதும் அந்த விடைக்கு வந்து சேரும் வழி எனக்குத் திருப்தியளிக்கவில்லை. இருந்தும் இந்தப் பதிப்பை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றே சொல்வேன். யார் யாரை எப்படி அழைக்கலாம், யார் யாரைத் தொடலாம் என்ற இரண்டைக் கொண்டே நிறவெறியை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய வேறொரு வணிகப் படத்தை அக்கால ஹாலிவுட்டில் நான் பார்த்ததில்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்பார்ட்டா என்னும் சிற்றூரில், தொழிற்சாலை கட்டுவதற்காகச் சிகாகோவிலிருந்து வந்திருந்த கோல்பர்ட் என்ற செல்வந்தர் நள்ளிரவுக்குப் பின் தெருவில் கொலையுண்டு கிடக்கிறார். ரயில் நிலையத்தில் வண்டிக்காகத் தனியாகக் காத்திருக்கும் கறுப்பின மனிதரின் பணப்பையில் நோட்டுகள் இருப்பதைக் கண்ட மாத்திரத்தில், ரோந்து வந்த காவலர் அவரைக் கொலையாளி என்று தீர்மானித்துத் துப்பாக்கி முனையில் அழைத்துச் செல்கிறார். பிடிபட்டவர் ஃபிலடெல்ஃபியா நகரக் காவல் துறையில் கொலை வழக்குகளை ஆராயும் வர்ஜில் டிப்ஸ் (சிட்னி பாய்ட்டியர்). அவரை எதிர்கொள்பவர் ஓயாமல் சூயிங்கம் மெல்லும் உள்ளூர்க் காவல் தலைவர் கில்லஸ்பி (ராட் ஸ்டைகர்). டிப்ஸின் வாரச் சம்பளம் 162 டாலர் 39 சென்ட் என்று தெரிய வரும்போது, கில்லஸ்பி அந்தத் தொகையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கிண்டல் செய்யும் தொனியில் பொறாமையும் திகைப்பும் ஒன்றாகக் கேட்கின்றன.

வளர்ந்த ஆணைப் பார்த்து ‘பாய்’ என்று விளிப்பது அக்கால அமெரிக்கத் தெற்கில் கறுப்பினத்தவரை அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வைப்பதற்கான ஒரு சொல். நம் ஊரில் மரியாதையாக வழங்கும் ‘பாய்’ அன்று. ‘பயலே’ என்பதுதான் அதற்கு நெருக்கமானது. இப்படத்தில் யார் எந்த இடத்தில் ‘பாய்’ என்கிறார், எப்போது ‘வர்ஜில்’ என்று முதற்பெயருக்கு வருகிறார், எப்போது பெயரையே தவிர்க்கிறார் என்பதைக் கூர்ந்து கேட்டால் கதை தனியாக ஒரு தடத்தில் ஓடுவது புரியும். ‘நீ’, ‘நீங்கள்’, வினைமுற்றின் ஈறு என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் மரியாதையை எடை போட்டுப் பழகிய தமிழ்க் காதுகளுக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் அந்த எடையை ஆங்கிலம் ஒரே ஒரு பெயர்ச்சொல்லில் சுமத்துகிறது என்பதால் அச்சொல் இன்னும் கனமாக விழுகிறது. ஃபிலடெல்ஃபியாவில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கில்லஸ்பி ஏளனமாகக் கேட்க, ‘மிஸ்டர் டிப்ஸ்’ என்று பாய்ட்டியர் சீறும் இடம் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுத் தேய்ந்துபோனது. ஆனால் முழுப் படத்தோடு பார்க்கையில் அது வீர வசனமாகவே ஒலிக்கவில்லை. படம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆவதற்குள் அத்தனை முறை ‘பாய்’ என்று கேட்ட ஒருவரின் பொறுமை கிழியும் ஒலியாகவே கேட்கிறது.

பெயரைப் போலவே கை. இறந்தவரின் உடலில் விறைப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று டிப்ஸ் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்போது, ஒரு வெள்ளையரின் சடலத்தின் மீது கறுப்பு விரல்கள் நகர்வதைச் சுற்றி நிற்பவர்கள் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட வெள்ளை இளைஞனின் கைகளை வாங்கிப் பார்த்து, அவன் இடக்கைப் பழக்கமுள்ளவன், அடி விழுந்த கோணமோ வலக்கைக்காரனுடையது என்று அவனை விடுவிக்க வழி காண்பதும் அவரே. கணவர் இறந்த செய்தியை அவர் வாயால் கேட்கும் திருமதி கோல்பர்ட், தாங்கிப் பிடிக்க நீளும் கையை முதலில் தடுக்கிறார். பின்னர் அதன் துணையோடுதான் நாற்காலியில் அமர்கிறார். இந்தச் சில நிமிடங்களில் லீ கிராண்ட் காட்டும் நடிப்புக்கு ஈடாகப் படத்தில் அதிகம் இல்லை. கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்து மீண்டு வந்தவர் அவர்.

இவை அனைத்தும் சென்று முட்டும் இடம் பண்ணை முதலாளி எண்டிகாட்டின் கண்ணாடிக் கூரையிட்ட செடித் தோட்டம். பருத்தி வயல்களில் கறுப்பினத்தவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்க, அவற்றினூடே காரில் சென்று டிப்ஸும் கில்லஸ்பியும் அவரது மாளிகையை அடைகிறார்கள். எண்டிகாட் ஆர்க்கிட் செடிகளைக் காட்டி மிக நயமாகப் பேசுகிறார். டிப்ஸும் செடிகளை அறிந்தவராகப் பதில் சொல்கிறார். இந்தச் செடிகளையும் உங்கள் மக்களைப் போலவே பராமரித்து ஊட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது என்று முதலாளி சிரித்தபடி சொல்லும்போது அவர் குரலில் சிறிதும் கடுமை இல்லை. கொலையோடு தன்னைத் தொடர்புபடுத்தும் கேள்வி எழுந்ததும் அவர் டிப்ஸின் கன்னத்தில் அறைகிறார். இடைவெளியே இல்லாமல் டிப்ஸ் திருப்பி அறைகிறார். இனி என்ன செய்யப் போகிறாய் என்று எண்டிகாட் கேட்க, கில்லஸ்பியிடமிருந்து வருவது ‘தெரியவில்லை’ என்ற ஒற்றைப் பதில்தான். ஒரு காலத்தில் உன்னைச் சுட்டுக் கொல்லச் செய்திருப்பேன் என்று முணுமுணுத்துக் கலங்கி நிற்கும் முதலாளியையும், குளிர்பானத் தட்டோடு வாயடைத்து நிற்கும் கறுப்பினப் பணியாளரையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பணியாளர் தலையை அசைப்பது யாருக்காக என்று எனக்கு இன்றும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இதற்குப் பிறகு எண்டிகாட்டை எப்படியாவது மாட்டிவிட வேண்டும் என்று டிப்ஸ் வெறி கொள்வதும், ‘நீயும் எங்களைப் போலத்தான்’ என்று கில்லஸ்பி அவரிடம் சொல்வதும் படத்தின் துணிச்சலான திருப்பம்.

படம் எடுக்கப்பட்டது மிசிசிப்பியில் அன்று. 1964இல் வாக்குரிமைப் போராட்டத் தொண்டர்களுக்குப் பணம் கொண்டுசென்ற பாய்ட்டியரையும் பாடகர் ஹாரி பெலஃபாண்ட்டேயையும் மிசிசிப்பியின் கிரீன்வுட்டில் வெறியர்கள் காரில் துரத்தியிருந்தார்கள். மீண்டும் தெற்கே போகப் பாய்ட்டியர் இசையவில்லை. இலினாய் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்ற ஊரைக் கண்டுபிடித்து, அங்கிருந்த பெயர்ப் பலகைகளை மாற்ற வேண்டியிராதபடி கதையில் வரும் ஊருக்கும் அதே பெயரை வைத்தார்கள். பருத்தி வயலுக்காக மட்டும் டென்னசிக்குச் சில நாட்கள் போய் வந்தார்கள். கதையில் வியர்வை வழியும் வெக்கை. படப்பிடிப்போ இலையுதிர்கால இரவுகளில் நடந்ததால், மூச்சு ஆவியாகத் தெரியாமலிருக்க நடிகர்கள் வாயில் பனிக்கட்டித் துண்டை அடக்கிக்கொண்டு பேசினார்களாம்.

கிரைட்டீரியன் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இந்த ப்ளூ-ரேயின் முதன்மையான பயன் ஒளிப்பதிவை ஒழுங்காகக் காண முடிவதுதான். கறுப்பு முகங்களின் மீது வழக்கமான ஸ்டுடியோ விளக்குகள் கூசும் பளபளப்பை ஏற்படுத்துவதை உணர்ந்து, ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் பாய்ட்டியருக்காக ஒளியைத் தணித்து அமைத்தார். பல ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சியில் பார்த்தபோது இரவுக் காட்சிகள் எல்லாம் ஒரே கரிக்குழம்பாகத் தெரிந்தன. 4கே மறுசீரமைப்பில் ரயில் நிலைய விளக்கொளியில் பாய்ட்டியரின் தாடை இறுகுவது வரை தெரிகிறது. தொடக்கத்தில் மங்கலான வண்ணப் புள்ளிகளாக வரும் ஒளி மெல்லத் திரண்டு ரயிலாவதும், அதன் மேல் குவின்சி ஜோன்ஸின் இசையில் ரே சார்ல்ஸின் குரல் எழுவதும், இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியவை.

குறை சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. அந்த ஊரின் கறுப்பின மக்கள் படத்தில் விளிம்பில்தான் நிற்கிறார்கள். டிப்ஸுக்குத் தங்க இடம் தரும் மெக்கானிக்கின் குடும்பமும், சிறையில்கூட வெள்ளையரின் தண்டனைக் காலம் வேறு, கறுப்பரின் காலம் வேறு என்று டிப்ஸ் எச்சரிக்கும் மம்மா கலேபா என்ற பெண்மணியும் வந்த வேகத்தில் மறைகிறார்கள். டிப்ஸ் ஏறத்தாழ தவறே செய்யாத நிபுணராகவும், மாறி வளரும் வாய்ப்பு கில்லஸ்பிக்கு உரியதாகவும் கதை அமைந்திருக்கிறது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதால் இரண்டு நாள் தள்ளி நடந்த ஆஸ்கர் விழாவில் இப்படம் சிறந்த படம், திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலி ஆகியவற்றோடு ஸ்டைகருக்குச் சிறந்த நடிகர் விருதையும் பெற்றது. அதே பிரிவில் பாய்ட்டியரின் பெயர் பரிந்துரையில்கூட இல்லை.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது ‘ஏ’ மண்டலத்துக்கான தட்டு, இந்தியா ‘சி’ மண்டலம், எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி இல்லாவிட்டால் ஓடாது. தென்னக உச்சரிப்பு கடினமானது என்பதால் ஆங்கில வசன வரிகளோடு பார்ப்பது நல்லது. இயக்குநர் நார்மன் ஜூவிசன், ஸ்டைகர், வெக்ஸ்லர், லீ கிராண்ட் ஆகியோர் பேசும் வர்ணனைத் தடத்தை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கடைசிக் காட்சியைக் குறுக்கீடின்றிக் கேட்க வேண்டும்: கில்லஸ்பி தானே டிப்ஸின் பெட்டியைத் தூக்கி வந்து கொடுத்துக் கைகுலுக்குகிறார், பிறகு ரயிலேறுபவரைத் திரும்ப அழைத்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அப்போதும் அவர் வாயில் வரும் பெயர் ‘வர்ஜில்’தான்.