மொழிப் பட்டமா, வட்டார ஆய்வா? டெல்டா மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அயல்மொழி ஒன்றையும் அதைப் பேசும் நாட்டையும் ஆழ்ந்து கற்க விரும்பும் தஞ்சை, நாகை மாவட்டத்துப் பிளஸ் டூ மாணவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன: மொழிப் பட்டம், ஒரு நாட்டின் அல்லது நிலப்பகுதியின் வரலாறு, அரசியல், பொருளாதாரத்தைச் சேர்த்துப் படிக்கும் வட்டார ஆய்வுப் பட்டம், உள்ளூர்க் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டே தனியாக மொழி பயில்வது.

மொழிப் பட்டத்துக்குத் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை முதலில் சொல்லலாம். ஜப்பானியம், சீனம், பிரெஞ்சு, பாரசீகம் போன்ற மொழிகளில் அங்கே பி.ஏ. ஆனர்ஸ் உண்டு, சேர்க்கை க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு வழியே நடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும். ஆனால் மொழிக்கும் இலக்கியத்துக்கும் கிடைக்கும் இடம் அந்நாட்டின் அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும் கிடைப்பதில்லை.

வட்டார ஆய்வு நம் நாட்டில் பெரும்பாலும் முதுகலையில்தான் தொடங்குகிறது. இளங்கலையிலேயே மொழியையும் வட்டாரத்தையும் சேர்த்துக் கற்பிக்கும், ஆசிய ஆப்பிரிக்க ஆய்வுக்கான லண்டன் சோவாஸ் கல்லூரி போன்ற இடங்களின் கட்டணம் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம், மொழி தெரியாமல் வட்டாரம் படிப்பவர் பிறர் ஆங்கிலத்தில் எழுதியதையே நம்பியிருக்க நேரும் என்பதுதான். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர்களிடமும், நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களிடமும், காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடமும் இருந்தன; அவ்வூர்களின் கணக்குகளையும் கடிதங்களையும் படிக்க அந்தந்த மொழி வேண்டும். தஞ்சை மராட்டிய அரசு மோடி என்னும் பழைய மராத்தி எழுத்துமுறையில் எழுதிய ஆவணங்களும் இப்படித்தான். முதலில் தாளின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிட்டு, அதன்கீழே எழுத்தோடு எழுத்தைக் கோத்து விரைந்து எழுதப்பட்டவை அவை. மராத்தி அறிந்தவர்கூடத் தனியே பயிலாமல் அவற்றை வாசிக்க முடியாது. இரண்டே ஆண்டு முதுகலைப் படிப்பில் ஒரு மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்கி ஆவணம் படிக்கும் அளவுக்கு வளர்வது மிகக் கடினம் என்பதால், இளங்கலையில் மொழி, முதுகலையில் வட்டாரம் என்ற வரிசையையே நான் பரிந்துரைக்கிறேன்.

தில்லிக்கு அனுப்ப வீட்டில் தயங்கினால், 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி போன்ற ஒன்றில் வரலாறு படித்தபடி, ஜப்பானிய மொழித் திறன் தேர்வையோ பிரெஞ்சின் டெல்ஃப் தேர்வையோ படிப்படியாக எழுதலாம். ஜப்பானியத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. எளிதான என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். மொழிபெயர்ப்பு வேலைக்குப் பெரும்பாலும் என்2 வரை கேட்பார்கள் என்பதால், இவ்வழியில் செல்பவர்கள் கல்லூரியின் முதல் பருவத்திலேயே மொழி வகுப்பைத் தொடங்கிவிட வேண்டும்.